'கிட்டத்தட்ட சரி' டாக்டர்: டைபாய்டு மாத்திரைகள் தோற்கும்போது அல்ம்ராத் ரைட்டை ஏன் தெரிஞ்சுக்கணும்?

வார இறுதியில் மூணாறு போய்ட்டு வந்திருக்கீங்கன்னு வைங்க. போடிமெட்டில் டீ, மலையேறும் வழியில் ஒரு ஹோட்டலில் சாப்பாடு, மேஜை மேல் இருந்த ஜக்கிலிருந்து இரண்டு கிளாஸ் தண்ணீர். பத்து நாள் கழித்து, திங்கட்கிழமை காலை மீட்டிங்குக்கு முன்னாடி உடம்பு கொதிக்குது. பாராசிட்டமால் போட்டா இறங்குது, சாயங்காலம் திரும்ப ஏறுது. நாலாவது நாளும் விடலை. என்ன செய்வீங்க?

பெரும்பாலானவர்கள் செய்வதைத்தான் செய்வீங்க. தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் ஒரு ஸ்ட்ரிப் அஜித்ரோமைசின். சீட்டு இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை.

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலை ஜீப் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளிக்கும் இதே காய்ச்சல் வரலாம். வாளையாரைத் தாண்டி கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஷிப்ட் பார்ப்பவருக்கும் வரலாம். லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. அதனால் அவர்களும் மெடிக்கல் ஷாப்பில்தான் நிற்பார்கள். இரண்டு மாத்திரையில் காய்ச்சல் கொஞ்சம் தணிந்தால், மீதி மாத்திரை அலமாரிக்குப் போகும்.

அந்த மீதி மாத்திரைக்கு ஒரு விலை இருக்கு. அது புரிய வேண்டுமென்றால், ஆன்டிபயாடிக்குகள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே டைபாய்டை எதிர்கொண்ட ஒரு டாக்டரின் வாழ்க்கையைப் பார்க்கணும். அவர் பெயர் சர் அல்ம்ராத் ரைட். அவரைப் பிடிக்காதவர்கள் அந்தப் பெயரையே திருப்பி 'சர் ஆல்மோஸ்ட் ரைட்' என்று கிண்டல் செய்தார்கள். அதாவது, கிட்டத்தட்ட சரி. பட்டப்பெயர் பொருத்தமானதுதான். அவர் எதில் சரி, எதில் தப்பு என்பதுதான் இந்தக் கட்டுரை.

யார் இந்த ரைட்?

1861 ஆகஸ்ட் 10 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பிறந்தார். அப்பா ஐரிஷ் பின்னணி கொண்ட பாதிரியார். அம்மா சுவீடன் நாட்டுக்காரர். 'அல்ம்ராத்' என்பது அம்மா வழிக் குடும்பப் பெயர். டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் ஒரே காலகட்டத்தில் இலக்கியமும் மருத்துவமும் படித்துப் பட்டம் வாங்கினார். அதன் பிறகும் என்ன வேலை செய்வது என்று தெளிவில்லை. கொஞ்சம் சட்டம் படித்தார், அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்த்தார், ஜெர்மனியில் ஆய்வகப் பயிற்சி எடுத்தார், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் கொஞ்ச காலம் பாடம் நடத்தினார்.

இருபதுகளில் கரியர் புரியாமல் சுற்றியவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கலாம். 1892-ல், 31 வயதில்தான் சரியான இடம் கிடைத்தது. இங்கிலாந்தின் நெட்லி என்ற ஊரில் இருந்த ராணுவ மருத்துவப் பள்ளியில் நோயியல் பேராசிரியர் வேலை. இந்தியாவுக்கும் மற்ற காலனிகளுக்கும் போகும் ராணுவ டாக்டர்கள் பயிற்சி எடுத்த இடம் அது.

அங்கே அவர் முன்னால் இருந்த பெரிய பிரச்சினை டைபாய்டு. இந்தியாவுக்கு வந்த இளம் பிரிட்டிஷ் சிப்பாய்களைத் துப்பாக்கிக் குண்டைவிட அதிகமாகக் கொன்றது இந்தக் குடல் காய்ச்சல்தான். கிருமி மனிதக் குடலில் வாழும்; மலத்தோடு வெளியேறும்; தண்ணீர் வழியாகவோ சமைப்பவர் கை வழியாகவோ அடுத்தவர் வாய்க்குப் போகும். வந்துவிட்டால் மருந்தென்று எதுவும் கிடையாது. பத்தில் ஒருவர், சில இடங்களில் ஐந்தில் ஒருவர்கூட இறந்துபோவார்.

தன் கையிலேயே ஊசி

ரைட்டுக்குத் திருப்பம் வந்தது இந்தியா வழியாக. வால்டெமார் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி 1893 முதல் இந்தியாவில் காலரா தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். அவர் நெட்லிக்கு வந்தபோது, இதே வழியை டைபாய்டுக்கும் முயன்று பார்க்கலாம் என்ற யோசனை ரைட்டுக்குக் கிடைத்தது.

ஹாஃப்கின் உயிருள்ள கிருமியையும் பயன்படுத்தினார். ரைட் வேறு மாதிரி யோசித்தார். டைபாய்டு கிருமியைச் சூடுபடுத்திக் கொன்று, அந்தச் செத்த கிருமியை ஊசியில் ஏற்றினால்? நோய் வராது, ஆனால் உடம்பு எதிரியின் முகத்தை அடையாளம் தெரிந்துகொள்ளும். 1896-ல் தன் உடம்பிலும், முன்வந்த ராணுவ டாக்டர்கள் உடம்பிலும் இதைச் சோதித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் ஃபைஃபர், கோலே என்ற இருவரும் தனியாக இதையே செய்தார்கள். முதலில் யார் என்ற சண்டை இன்றும் முழுதாக ஓயவில்லை.

தன்மேல் சோதிப்பதில் ரைட்டுக்குத் தயக்கமே இருந்ததில்லை. மால்டா காய்ச்சல் என்ற இன்னொரு நோய்க்கும் ஊசி தயாரித்துத் தனக்கே போட்டுப் பார்த்தார். அது வேலை செய்யவில்லை; நோய் வந்து நீண்ட நாள் படுத்துக் கிடந்தார். தைரியம் வேறு, ஆதாரம் வேறு. இந்த வித்தியாசம் அவரைப் பின்னால் துரத்தப் போகிறது.

இந்தியாவில் எடுத்த கணக்கு

1898-ல் ரைட் இந்தியாவுக்கே வந்தார். பிளேக் நோயை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த கமிஷனில் அவர் ஓர் உறுப்பினர். வந்த வேலையோடு, பல ஊர்களின் ராணுவ முகாம்களில் ஏறத்தாழ 4,000 சிப்பாய்களுக்கு டைபாய்டு ஊசி போட்டார். எல்லோரும் தாங்களாக முன்வந்தவர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆகணும். ஊசி போடப்பட்டது பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு. அதே முகாம்களைச் சுற்றி வாழ்ந்த இந்தியர்களுக்கு இல்லை. சோதனை நடந்தது இந்த மண்ணில், பலன் போனது வேறு ஆட்களுக்கு.

அந்தக் கணக்கு இப்படி வந்தது. கண்காணிக்கப்பட்ட 11,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்களில் சுமார் 2,800 பேர் ஊசி போட்டவர்கள். அவர்களில் டைபாய்டு வந்தது 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு. ஊசி போடாத சுமார் 8,500 பேரில் 2.5 சதவீதம் பேருக்கு வந்தது. பார்த்தவுடனே வெற்றி மாதிரி தெரியுது, இல்லையா?

தரவு எங்கே இடித்தது?

டேட்டா வேலை பார்ப்பவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரணும். ஊசி போட்டவர்கள் யார்? தாங்களாக முன்வந்தவர்கள். உடல்நலத்தில் அக்கறை உள்ளவர்கள்தானே முன்வருவார்கள்? அவர்கள் தண்ணீரையும் கொதிக்க வைத்துக் குடித்திருக்கலாமே? அப்படியென்றால் காப்பாற்றியது ஊசியா, அக்கறையா?

இந்தக் கேள்வியை எழுப்பியவர் சாதாரண ஆள் இல்லை. நவீனப் புள்ளியியலின் தந்தைகளில் ஒருவரான கார்ல் பியர்சன். இந்தியாவிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் வந்த வெவ்வேறு படைப்பிரிவுக் கணக்குகளை ஒன்றாக அடுக்கி, 1904-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அலசினார். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே விடை தேடும் 'மெட்டா அனாலிசிஸ்' முறைக்கு இதுதான் முதல் உதாரணம் என்று இன்று பலர் சொல்கிறார்கள்.

பியர்சன் கண்டது: பலன் இருப்பது போலத் தெரிகிறது, ஆனால் ஒரு படைப்பிரிவுக்கும் இன்னொன்றுக்கும் முடிவு ரொம்ப மாறுகிறது. இந்த ஆதாரத்தை வைத்து ராணுவம் முழுக்க ஊசி போடச் சொல்ல முடியாது. முன்வருபவர்களில் ஒருவர் விட்டு ஒருவருக்கு ஊசி போட்டு ஒழுங்கான சோதனை நடத்துங்கள் என்பது அவர் யோசனை.

ரைட் கொதித்துவிட்டார். அனுபவமுள்ள டாக்டரின் கண்ணுக்குத் தெரிவதைக் கணக்குப் போடுபவர் மறுப்பதா என்பது அவர் நிலை. பத்திரிகையில் வாரக்கணக்கில் சண்டை நடந்தது. ஊசி விஷயத்தில் ரைட் சரி. ஆதாரம் விஷயத்தில் பியர்சன் சரி. அதன் பிறகுதான் வில்லியம் லெயிஷ்மன் தலைமையில் ராணுவ மருத்துவர்கள் ஊசியைச் சீராக்கி, இந்தியாவுக்கு வந்த படைப்பிரிவுகளை நேரடியாகக் கண்காணித்துக் கணக்கெடுத்தார்கள். சந்தேகம் தீர்ந்தது.

தாமதத்தின் விலை

இடையில் ஒரு போர் நடந்தது. 1899 முதல் 1902 வரை தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டிஷ் படையில் 50,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு டைபாய்டு. செத்தவர்கள் சுமார் 8,000 பேர். சண்டையில் இறந்தவர்களின் எண்ணிக்கைக்கு ஏறத்தாழ அதே அளவு. ஊசி கட்டாயம் இல்லை. இருபதில் ஒருவர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. போட்டவுடன் காய்ச்சலும் கை வீக்கமும் வருது என்ற பேச்சு முகாம்களில் பரவியிருந்தது. 2021-ல் கொரோனா ஊசி வந்தபோது உங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் என்ன ஓடிச்சுன்னு நினைச்சுப் பாருங்க.

ராணுவ மேலிடத்தோடு ஒத்துப்போகாமல் 1902-ல் நெட்லியை விட்ட ரைட், லண்டனின் செயின்ட் மேரீஸ் மருத்துவமனைக்குப் போனார். 1906-ல் சர் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு பெர்னார்ட் ஷா எழுதிய ஒரு நாடகத்தின் கதாநாயக டாக்டருக்கு ரைட்தான் மாதிரி. அவர் அவ்வளவு பிரபலம்.

1914-ல் முதல் உலகப்போர் வந்தபோது எல்லாச் சிப்பாய்களுக்கும் ஊசி போடச் சொல்லி அமைச்சர் கிச்சனரிடம் வாதாடினார் ரைட். சட்டப்படி கட்டாயம் இல்லை என்றாலும் பெரும்பாலானவர்களுக்குப் போடப்பட்டது. பல லட்சம் பேர் சேற்றுப் பதுங்குகுழிகளில் வருஷக்கணக்கில் கிடந்த அந்தப் போரில், டைபாய்டால் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் ஏறத்தாழ ஆயிரத்துச் சொச்சம் பேர்தான். போயர் போரில் இருந்தது அதைவிடச் சிறிய படை, அங்கே 8,000.

அவர் தப்பு செய்த இடங்கள்

ரைட்டைக் கும்பிட வேண்டிய அவசியம் இல்லை. டைபாய்டு வெற்றிக்குப் பிறகு, எல்லா நோய்க்கும் ஊசியே தீர்வு என்று நம்பத் தொடங்கினார். நோய் வந்த பிறகும் முகப்பரு முதல் காசநோய் வரை விதவிதமான ஊசிகளை அவர் துறை தயாரித்தது. பார்க் டேவிஸ் என்ற மருந்து நிறுவனம் விற்றது. அவற்றில் பெரும்பாலானவை பலன் தரவில்லை.

பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று 1913-ல் ஒரு புத்தகமே போட்டார். பெண்களின் மூளையைப் பற்றி அதில் அவர் வாதிட்டவை அன்றைக்கே பலருக்கு அருவருப்பாக இருந்தன. ஆதாரமே இல்லாமல் அடித்துப் பேசும் அதே பழக்கம்தான், பியர்சனிடம் காட்டிய அதே முகம்தான்.

அவர் ஆய்வகத்தில் பிறந்த பெனிசிலின்

1906-ல் ரைட்டின் துறையில் ஓர் இளைஞர் சேர்ந்தார். பெயர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். ஆமாம், அதே ஃபிளெமிங். 1928-ல் அவர் பெனிசிலினைக் கண்டது ரைட் நடத்திய துறையில் இருந்தபடிதான்.

ரைட்டுக்கு அதில் பெரிய உற்சாகம் வரவில்லை. வெளியிலிருந்து ரசாயனம் கொடுத்துக் கிருமியைக் கொல்வதைவிட, உடம்பின் சொந்தப் படையைத் தயார் செய்வதே வழி என்று வாழ்நாள் முழுக்க நம்பியவர் அவர். ஆனால் 1940-களில் ஆக்ஸ்போர்டு குழு பெனிசிலினை மருந்தாக்கி உலகம் கொண்டாடியபோது, புகழ் ஃபிளெமிங்குக்கே சேரணும் என்று நாளிதழுக்குக் கடிதம் எழுதியதும் ரைட்தான். 1945-ல் நோபல் பரிசு வாங்கிய ஃபிளெமிங், போதாத அளவில் மருந்து சாப்பிட்டால் கிருமி பழகிக்கொள்ளும் என்று அந்த மேடை உரையிலேயே எச்சரித்தார்.

1947 ஏப்ரல் 30 அன்று, 85 வயதில் ரைட் இறந்தார். அப்போதும் டைபாய்டுக்கு மருந்து இல்லை. பெனிசிலின் இந்தக் கிருமியிடம் எடுபடாது.

கோலாலம்பூர் முதல் கோழிக்கோடு வரை: 24 ஆண்டுகள்

அவர் இறந்த அடுத்த ஆண்டே மருந்து கிடைத்தது. அதுவும் நமக்கு நெருக்கமான ஓர் இடத்தில். நம்ம ஊர்களிலிருந்து போன தமிழர்கள் ரப்பர் தோட்டங்களில் உழைத்த மலாயா.

1948-ல் அமெரிக்க டாக்டர்கள் குழு ஒன்று குளோராம்பெனிகால் என்ற புது மருந்தோடு கோலாலம்பூர் வந்தது. அவர்கள் தேடி வந்தது டைபாய்டை அல்ல. பூச்சிக்கடியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை. அந்த நோய் என்று நினைத்து மருந்து கொடுத்த சிலருக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு. காய்ச்சல் சில நாட்களில் இறங்கியது. 10 நோயாளிகளை வைத்து எழுதிய அறிக்கை உலகம் முழுக்கப் போனது. மருந்தைத் தயாரித்த நிறுவனம் எது தெரியுமா? ரைட்டின் ஊசிகளை விற்ற அதே பார்க் டேவிஸ். பத்தில் ஒருவரைக் கொன்ற நோய், நூறில் ஒருவரைக் கொல்லும் நோயாகச் சுருங்கியது.

அந்தக் காலம் எவ்வளவு நாள் நீடித்தது? 1972-ல் மெக்சிகோவில் ஆயிரக்கணக்கானவர்களைத் தாக்கிய டைபாய்டு குளோராம்பெனிகாலுக்கு அடங்கவில்லை. அதே ஆண்டு, பாலக்காட்டிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கோழிக்கோட்டிலும் அதே கதை. அங்கே மருத்துவக் கல்லூரியில் இருந்த சி. கே. ஜெயராம் பணிக்கரும் சக ஆய்வாளர் விமலாவும் நேச்சர் இதழில் அதைப் பதிவு செய்தார்கள். டாக்டருக்குப் படித்த நண்பர்கள் இருந்தால் கேளுங்க. நுண்ணுயிரியல் பாடப்புத்தகத்தின் அட்டையில் அனந்தநாராயணனோடு சேர்ந்திருக்கும் பணிக்கர் இவர்தான்.

அவர்கள் சொன்னதில் பயமுறுத்துவது ஒரே ஒரு சொல்: எதிர்ப்பு 'கைமாறக்கூடியது'. மருந்தைச் சமாளிக்கும் மரபணு, பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கிறது. ஒரு பாக்டீரியா அதைப் பக்கத்து பாக்டீரியாவுக்கு அப்படியே கொடுத்துவிடும். நீங்க ஒரு ஃபைலை பக்கத்துப் போனுக்கு அனுப்புற மாதிரி. உங்க குடலில் இருக்கும் சாதுவான பாக்டீரியாவும் அந்த ஃபைலைச் சேமித்து வைத்திருக்கலாம். தேவையில்லாமல் போட்ட ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் அந்த ஃபைல் உள்ளவற்றை மட்டும் மிச்சம் வைக்கிறது.

1948 முதல் 1972 வரை: 24 ஆண்டுகள். ஓர் அதிசய மருந்து நம்ம பகுதியில் சந்தேகமில்லாமல் வேலை செய்த காலம் அவ்வளவுதான்.

இப்போ கையில் என்ன மிச்சம்?

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதே கதையின் அடுத்தடுத்த பாகங்கள்.

1980-களின் கடைசியில் குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் என மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளிக்கும் டைபாய்டு இந்தியாவில் பரவியது. டாக்டர்கள் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில் அதுவும் மழுங்கத் தொடங்கியது. இன்று இந்தியாவில் பிரித்தெடுக்கப்படும் டைபாய்டு கிருமிகளில் மிகப் பெரும்பாலானவை சிப்ரோவுக்குச் சரியாக அடங்குவதில்லை. ஆக, இப்போது டாக்டர்கள் நம்பியிருப்பது முக்கியமாக இரண்டு: ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் வகை, வாய்வழி மாத்திரையான அஜித்ரோமைசின்.

இந்த இரண்டும் போனால்? அது எப்படி இருக்கும் என்று பாகிஸ்தான் பார்த்துவிட்டது. 2016-ன் கடைசியில் சிந்து மாகாணத்தின் ஹைதராபாத்தில் தொடங்கிய டைபாய்டு, செஃப்ட்ரியாக்சோன் உட்பட ஐந்து வகை மருந்துகளைத் தாண்டியது. வாய்வழி மருந்தாக மிஞ்சியது அஜித்ரோமைசின் ஒன்றுதான். அதுவும் கேட்கவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் படுத்து நரம்பு வழியாக ஏற்றும், விலை அதிகமான மருந்துதான் வழி.

இப்போ அந்த மெடிக்கல் ஷாப்புக்குத் திரும்பி வாங்க. சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும் தொண்டை வலிக்கும் நாம வாங்கிப் போடுற அதே அஜித்ரோமைசின்தான், டைபாய்டுக்கு மிஞ்சியிருக்கும் கடைசி மாத்திரை. தினக்கூலிக்குப் போகும் தொழிலாளிக்கு மாத்திரையோடு வீட்டில் இருந்தே குணமாவதற்கும், ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடப்பதற்கும் நடுவே நிற்பது அந்த ஸ்ட்ரிப்தான்.

ஒரு சின்ன நல்ல செய்தியும் உண்டு. பல ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டதால் குளோராம்பெனிகால் போன்ற பழைய மருந்துகளுக்கு இந்தியக் கிருமிகள் பெரும்பாலும் மறுபடி அடங்கத் தொடங்கியிருக்கின்றன. மருந்தைச் சும்மா விட்டால் கிருமி மறக்கவும் செய்கிறது. ஆனால் பக்கவிளைவுகள் உள்ள மருந்து அது; நம்மாக வாங்கிப் போடுவதற்கு இல்லை.

இரண்டு ஹைதராபாத்

சிந்து ஹைதராபாத் கொடுத்தது பிரச்சினை. நம்ம தெலங்கானா ஹைதராபாத் கொடுத்தது தீர்வின் ஒரு பகுதி. அங்குள்ள பாரத் பயோடெக் தயாரித்த டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி இந்தியாவில் 2013-ல் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரம் 2017-ன் கடைசியில் கிடைத்தது. ஆறு மாதக் குழந்தைக்கே போடலாம், ஒரே டோஸ். நேபாளம், வங்கதேசம், மலாவி ஆகிய நாடுகளில் நடந்த பெரிய சோதனைகளில் ஏறத்தாழ 80 சதவீதப் பாதுகாப்பு. அந்தச் சோதனைகள் பியர்சன் 1904-ல் கேட்ட மாதிரியே நடந்தன: குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதிக்கு இந்த ஊசி, இன்னொரு பகுதிக்கு வேறு ஊசி. 2019-ல் பாகிஸ்தான் இதை வழக்கமான குழந்தைத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான்.

இந்தியாவில் 2018-ல் நவி மும்பை மாநகராட்சி குழந்தைகளுக்கு இலவசமாகப் போடத் தொடங்கியது. நாடு முழுவதற்குமான தேவையைக் காட்டும் தரவும் வந்துவிட்டது. வேலூர் சிஎம்சி ஒருங்கிணைத்த ஆய்வில், நகரப் பகுதிகளில் 1 லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 576 முதல் 1,173 வரை டைபாய்டு உறுதியானது. புனே அருகே கிராமப்பகுதியில் அது 35 மட்டுமே. ஒரே நாடு, ஒரே கிருமி. இவ்வளவு வித்தியாசத்துக்குக் குடிநீரும் நெரிசலும் கழிவு போகும் வழியும்தான் முக்கியக் காரணங்கள் என்று பார்க்கத் தோன்றுகிறது.

கேரளா இன்னொரு வழியில் தொடங்கியது. 2023-ல் ஹோட்டல் ஊழியர்களுக்கு ஹெல்த் கார்டு கட்டாயமாக்கி, அதில் டைபாய்டு ஊசியையும் சேர்த்தது. காரணம் எளிது. டைபாய்டு வந்து குணமானவர்களில் சிலர் எந்த அறிகுறியும் இல்லாமல், பித்தப்பையில் கிருமியை ஆண்டுக்கணக்கில் சுமப்பார்கள். அவர் சமையல்காரராக இருந்தால்? ரைட் ராணுவ முகாமில் யோசித்ததை கேரளா ஹோட்டல் அடுக்களையில் யோசிக்கிறது. 2024-ல் 'ஆபரேஷன் அம்ரித்' என்ற பெயரில், சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளையும் சோதிக்கத் தொடங்கினார்கள். ஆனால் எல்லையோர ஊர்களில் இந்தப் பக்கம் கிடைக்காத மாத்திரையை அந்தப் பக்கம் வாங்குவது கஷ்டமே இல்லை. கிருமிக்கு வாளையாரிலும் குமுளியிலும் செக்போஸ்ட் கிடையாது. இரு மாநிலமும் சேர்ந்து செய்தால்தான் இது வேலை செய்யும்.

சரி, நான் என்ன செய்யணும்?

மூன்று நாளுக்கு மேல் விடாத காய்ச்சலா? டாக்டரிடம் போங்க. டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைபஸ் எல்லாம் முதலில் டைபாய்டு மாதிரியேதான் தெரியும். மருந்தோ ஒவ்வொன்றுக்கும் வேறு.

டைபாய்டு சந்தேகம் என்றால், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் ரத்த கல்ச்சர் எடுக்கலாமா என்று கேளுங்க. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று சொல்லும் பரிசோதனை அதுதான். நமக்குப் பழக்கமான வைடால் டெஸ்ட், ரைட் தன் ஊசியைச் சோதித்த அதே 1896-ல் வந்தது. முன்பு எப்போதோ வந்த தொற்றுக்கும், போட்ட ஊசிக்கும்கூட அது பாசிட்டிவ் காட்டக்கூடும். அதை மட்டும் வைத்து முடிவு செய்வது சரியில்லை.

மருந்து தொடங்கியதும் மறுநாளே காய்ச்சல் விடாது. சரியான மருந்தாக இருந்தாலும் நாலைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகலாம். கேட்கலையேன்னு நீங்களா வேறு மாத்திரைக்கு மாறாதீங்க. காய்ச்சல் விட்டதும் நிறுத்தவும் செய்யாதீங்க. கடுமையான வயிற்றுவலி, மலத்தில் ரத்தம், குழப்பமான பேச்சு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

வீட்டில் குழந்தை இருந்தால் கான்ஜுகேட் ஊசி பற்றிக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்க. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அட்டவணையில் அது இருக்கு. தேசியத் திட்டத்தில் இன்னும் எல்லோருக்கும் இலவசமாக வரவில்லை. வெளியில் சாப்பிடுவதும் பயணமும் அதிகம் என்றால் உங்களுக்கும் அது பொருந்தலாம்.

தண்ணீர் விஷயம் ரொம்பப் பழைய பாடம். கேரள ஹோட்டலில் இளஞ்சிவப்பு நிறத்தில் பதிமுகம் போட்ட வெந்நீர் தருவார்கள், நல்ல பழக்கம். ஆனால் சீக்கிரம் ஆறட்டும் என்று அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் கொதிக்க வைத்ததற்கே அர்த்தமில்லை. ஆவி பறந்தால் குடிங்க.

கிட்டத்தட்ட சரி

ரைட்டின் தவறுகள் சின்னவை இல்லை. ஆதாரம் கேட்டவரிடம் சண்டை போட்டார், பலன் தராத ஊசிகளை விற்க விட்டார், பாதி மனித குலத்தை மட்டமாக எழுதினார். ஆனால் மருந்தே இல்லாத காலத்தில் அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: டைபாய்டை வந்த பிறகு விரட்டுவதைவிட வராமல் தடுப்பதுதான் நம்பகமான வழி.

குளோராம்பெனிகால் வந்ததும் உலகம் அதை மறந்தது. மாத்திரை மலிவு, உடனே பலன். குழாய் பதிக்க, கழிவுநீரைத் தனியே கொண்டுபோக, தோட்டத் தொழிலாளர் லயங்களில் நல்ல குடிநீர் கொடுக்க ஆகும் செலவும் உழைப்பும் அதிகம். அந்த வேலையைத் தள்ளிப்போடத்தான் நாம ஒவ்வொரு புது மாத்திரையையும் பயன்படுத்தியிருக்கோம். இப்போது மாத்திரை வரிசை முடிவுக்கு வருது. இன்றும் உலக அளவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் பேருக்கு டைபாய்டு வருவதாகவும், 1,10,000 பேர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

அடுத்த முறை காய்ச்சலோடு மெடிக்கல் ஷாப் வாசலில் நிற்கும்போது, நாளைக்குக் காலை கம்பத்தில் ஜீப் ஏறப் போகும் அந்தத் தொழிலாளியையும் நினைச்சுக்கோங்க. அவருக்கு வேலை செய்ய வேண்டிய மாத்திரையும் அதே அலமாரியில்தான் இருக்கு. டாக்டர் சொல்லாமல் அதைக் கேட்காதீங்க.